அச்சகம் வரை கூட வருபவர்

மதுரையில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தேன். வெற்றிலை போதவில்லை என்று தெருமுனைப் பலசரக்குக் கடைக்கு என்னை அனுப்பினார்கள். கடைக்காரர் வெற்றிலை எண்ணும் நேரத்தில் தட்டுகளை மேய்ந்துகொண்டு நின்றவள் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட்டில் எங்கள் பெண் இருந்தாள். கொண்டை, மூக்குத்தி, வலது கையில் உலக்கை, கால்மாட்டில் உரல், பல் தெரியாத அந்தச் சிரிப்பு. ஒன்றரை வருஷமாக எங்கள் பொடிப் பாக்கெட்டில் இருக்கும் அதே பெண். எங்கள் பாக்கெட்டில் பச்சைச் சேலை, அதில் சிவப்புச் சேலை. வேறு வித்தியாசம் கிடையாது.

நம்மைப் பார்த்து அடித்துவிட்டார்கள் என்று ஊர் வந்து சேரும்வரை பஸ்ஸில் கொதித்துக்கொண்டே வந்தேன். மறுநாள் எங்களுக்கு லேபிள் செய்து தந்த டிடிபி சென்டரில் போய்க் கேட்டேன். "நெட்ல எடுத்த படம்தான்க்கா. யார் வேணாலும் எடுத்துக்கலாம்" என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை. அந்தப் படம் யாருடையது என்று நான் கேட்டதே இல்லை. அந்த மிளகாய்த்தூள்காரர் எங்களுக்கு முன்னாலேயே அதை எடுத்திருக்கவும் கூடும்.

எங்களுக்கு விருதுநகர். என் அத்தை, அதாவது வீட்டுக்காரரின் அம்மா, இடிக்கும் பொடிகளை 2019-ல் பாக்கெட் போட்டு விற்க ஆரம்பித்தோம். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, நிலக்கடலைப் பொடி. இன்றுவரை இந்த நாலுதான். எங்களைப் போலச் சின்ன அளவில் தொழில் செய்யும் பெண்கள் பலர் இப்போது என்னிடம், "லோகோ போட நல்ல ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். ஒரு போன் நம்பரில் முடிகிற பதிலாக இருந்தால் கொடுத்துவிடுவேன். மூன்று முறை காசு செலவழித்து, இரண்டு முறை தவறிப்போய், மூன்றாவதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

சிவகாசி பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. டிசைன் என்பதை அச்சடிக்கும்போது கூடவே கிடைக்கும் இனாமாக நினைப்போம். ஐயாயிரம் ஸ்டிக்கர் அடித்தால் டிசைன் சும்மா போட்டுத் தருவார்கள். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, பட்டாசுப் பெட்டி லேபிள் என்று ஒரே நாளில் பத்துப் பதினைந்து வேலை முடிக்கிற கை அது. ஆனால் நாம் சொல்வதை அடுக்கித் தருவதுதான் அவர்கள் வேலை. நமக்கு என்ன சொல்ல வேண்டும் என்றே தெரியாதபோது அவர்கள் என்ன செய்வார்கள்? பொடி என்றால் உலக்கை, உலக்கை என்றால் பெண். அவர் தேடி எடுத்தார், நான் சரி என்றேன். மொத்தம் இரண்டாயிரம் ரூபாய்.

அந்த லேபிளில் இன்னொரு கோளாறும் இருந்தது. பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்ற எழுத்து போட்டிருந்தார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். ட்ரேட்மார்க் பதிவானவர்கள் மட்டும்தான் அதைப் போடலாம். பதிவாகாமல் போடுவது சட்டப்படி தவறு. விண்ணப்பம் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் டி.எம். என்ற இரண்டெழுத்தைப் போட்டுக்கொள்ளத் தடையில்லை. இதை ஒரு வக்கீல் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உலக்கைப் பெண்ணையும் சேர்த்துப் பதிவு செய்யலாமா என்று அவரிடம் கேட்டதற்கு, "ஊர்ல எல்லாரும் வச்சிருக்கிற படத்தை உங்களுதுன்னு எப்படிம்மா எழுதிக் கொடுக்கிறது?" என்றார். செயலிகளில் கிடைக்கும் ஆயத்த லோகோக்களுக்கும் இதே கதைதான். உங்களுக்குக் கிடைப்பது பக்கத்துத் தெருக்காரருக்கும் கிடைக்கும்.

சரி, இந்தத் தடவை காசைப் பார்க்காமல் நல்ல இடத்தில் செய்வோம் என்று ஒரு பெருநகரத்து நிறுவனத்தைப் பிடித்தோம். நாற்பதாயிரம், பாதி அட்வான்ஸ். வீடியோ காலில் அவர்கள் காட்டியதைப் பார்த்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எங்கள் பெயர் காபிக் கோப்பையில் இருந்தது, டி-ஷர்ட்டில் இருந்தது, ஏர்போர்ட் மாதிரி ஓர் இடத்தில் ஆளுயரத்துக்கு ஒளிர்ந்தது. பாக்கெட்டின் முகப்பு முழுக்க வெள்ளை. நடுவில் மெல்லிய ஆங்கில எழுத்து, மேலே ஒரு சின்ன இலை. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பொடி எங்கம்மா?" என்று கேட்டார். அப்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவர் கேட்டது சரியான கேள்வி என்று அச்சகத்தில்தான் புரிந்தது.

உணவுப் பாக்கெட்டில் சட்டப்படி இருக்க வேண்டியவை நிறைய. உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், சேர்மானங்கள், சத்து விவரப் பட்டியல், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்பது, பேட்ச் எண், முழு முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண், சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி. நிலக்கடலை ஒவ்வாமை தரக்கூடியது என்பதால் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும். தமிழ் அதற்கு மேல் நாம் விரும்பிச் சேர்ப்பது. பச்சைப் புள்ளிக்குக்கூட அளவு உண்டு. முகப்பின் பரப்பு 100 முதல் 500 சதுர சென்டிமீட்டர் என்றால் வட்டத்தின் விட்டம் குறைந்தது 4 மில்லிமீட்டர் வேண்டும்.

அந்த அழகான வெள்ளை டிசைனில் இதில் எதற்கும் இடம் இல்லை. பின்பக்கத்தில் நெருக்கி அடைத்தார்கள். தமிழில் போட்ட இடத்தில் ‘பொடி’ என்பது உடைந்து வந்திருந்தது. ப-வுக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு தனியாகப் பின்னால் போய் நிற்கிறது. மென்பொருளில் தென்னாசிய மொழிகளுக்கான அமைப்பை மாற்றி வைக்காவிட்டால் இப்படித்தான் உடையும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்திருந்தாலே சொல்லியிருப்பார், அங்கே அப்படி ஒருவரும் இல்லை. திருத்துவதற்காக மூலக் கோப்பைக் கேட்டேன். அது பேக்கேஜில் கிடையாது, தனிக் கட்டணம் என்றார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. மிச்சப் பணத்தையும் கட்டிவிட்டு, ஆசைப்பட்ட அந்த லேபிளை ஒரு ஸ்டிக்கர்கூட அடிக்காமல் விட்டுவிட்டேன். உலக்கைப் பெண் மேலும் ஆறு மாதம் பாக்கெட்டில் இருந்தாள்.

மூன்றாவது ஆளைக் கண்டுபிடித்த வழியை யாருக்கும் சொல்லலாம், காசு செலவில்லாதது. எந்தக் கடைக்குப் போனாலும் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தேன். முன்பக்கம் எல்லாருக்கும் ஒரு மாதிரி வந்துவிடும். பின்பக்கம்தான் டிசைனர் வேலை தெரிந்தவரா என்று காட்டிக் கொடுக்கும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் ஒரு சின்னத் தயாரிப்பாளரின் கடலைமிட்டாய்ப் பாக்கெட் கையில் கிடைத்தது. பின்பக்கத்தில் அத்தனை விவரமும் இருந்தது, ஆனாலும் கண்ணுக்கு நெருக்கடி இல்லை. கண்ணாடி போடாமல் என்னால் படிக்க முடிந்தது. தமிழும் ஆங்கிலமும் ஒரே தடிமனில், அண்ணன் தம்பி மாதிரி நின்றன. அதிலேயே புகார் எண் இருந்ததே, அதற்குப் போன் போட்டேன். "புகார் இல்லைங்கய்யா, இந்தப் பாக்கெட்டை யார் செஞ்சதுன்னு கேக்கத்தான்" என்றேன். அவர் சந்தோஷமாகப் பத்து நிமிஷம் பேசினார். நம்பர் கொடுத்தார். வேலை எத்தனை நாளில் முடிந்தது, சொன்ன தொகைக்கு மேல் கேட்டாரா, அச்சில் தப்பு வந்தபோது போனை எடுத்தாரா என்று எல்லாவற்றையும் அவரிடமே கேட்டுக்கொண்டேன்.

டிசைனர் மதுரையில் தனியாக வேலை செய்யும் ஒரு பெண், முப்பது வயதுக்குள். முதல் போனில் விலை பேசவில்லை. "அக்கா, பாக்கெட்டைக் கடையில தொங்க விடுவாங்களா, அடுக்கி வைப்பாங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஐந்து வருஷம் விற்றிருக்கிறேன், கடைக்குள் போய் எங்கள் பாக்கெட் எப்படி இருக்கிறது என்று பார்த்ததில்லை. சரக்குப் போடுவது வீட்டுக்காரர், காசு வாங்குவதும் அவர்தான்.

அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிட்டார். அந்தப் போக்குவரத்துக்கும் நாளுக்கும் மட்டும் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் முதலிலேயே கேட்டு வாங்கிக்கொண்டார், வேலை ஒப்புக்கொண்டால் கழித்துக்கொள்வதாகப் பேச்சு. நாங்கள் இரண்டு பேரும் ஏழு கடை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கடையிலும் வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நின்று போனில் படம் எடுத்தார். அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். பெரும்பாலான கடைகளில் எங்கள் பாக்கெட் ஒரு பிளாஸ்டிக் கூடையில், மற்ற பொடிகளோடு நெட்டுக்குத்தாக நின்றது. மேலே இரண்டு அங்குலம்தான் வெளியே தெரிந்தது. அந்த இரண்டு அங்குலத்தில் எங்கள் பெயர் இல்லை. பெண்ணின் கொண்டை மட்டும் இருந்தது.

அதற்கு முன்னால் ஐந்து டிசைனர்களிடம், "ரெண்டு மாதிரி போட்டுக் காட்டுங்க, பிடிச்சா வேலை தர்றேன்" என்று கேட்டிருக்கிறேன். இரண்டு பேர் போட்டும் அனுப்பினார்கள். இவரிடமும் கேட்டேன். "காசு வாங்காம வரைஞ்சா இந்தக் கடையெல்லாம் பாக்காமதான்க்கா வரைய முடியும்" என்றார். அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இலவசமாக வந்த அந்த இரண்டு மாதிரிகளிலும் உலக்கை இருந்தது.

மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சமையலறை அலமாரியில் அத்தையின் டப்பாக்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி மார்க்கரில் பெயர் எழுதியிருப்பார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த பெண் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்தார். ‘கறிவேப்பிலை’ என்று எழுதியிருந்த டப்பாவை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். "அம்மா, இந்த லை நீங்க எழுதுனதா?"

இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. நாம் இப்போது ல-வுக்கு முன்னால் இணைக்கொம்பு போட்டு எழுதும் ‘லை’, முன்பு வேறு மாதிரி இருந்தது. எழுத்தின் தலையிலேயே யானைத் துதிக்கை போல ஒரு சுழி ஏறி வளையும். ணை, லை, ளை, னை நான்குக்கும் அப்படித்தான். பெரியார் முன்வைத்து, தன் பத்திரிகையில் கடைப்பிடித்துவந்த சீர்திருத்தத்தை 1978-ல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டபோது அந்தச் சுழி பாடப்புத்தகத்திலிருந்து போனது. தட்டச்சுக்கும் அச்சுக்கும் அது வசதி, நல்ல மாற்றம்தான். அத்தை அதற்கு முன்னாலேயே ஐந்தாம் வகுப்பு முடித்துப் பள்ளியை விட்டவர். அவர் கை மாறவில்லை. கறிவேப்பிலை, நிலக்கடலை, மளிகைச் சீட்டில் கொண்டைக்கடலை என்று எங்கே லை வந்தாலும் துதிக்கை தூக்கும். இருபது வருஷமாக நான் தினமும் திறக்கிற டப்பா அது. எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் அத்தையை உட்கார வைத்து, நாலு பொடியின் பெயரையும் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். முதல் பத்துத் தாள் அத்தை கவனமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினார். "அம்மா, சாதம் வடிக்க நேரமாச்சுன்னு நெனச்சு எழுதுங்க" என்றார் அந்தப் பெண். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கை இளகியது. நாற்பது தாளுக்கு மேல் எழுதினார். அதிலிருந்து எடுத்த எழுத்துதான் இன்று எங்கள் பாக்கெட்டில் இருப்பது.

நான் ஒரு யோசனை சொன்னேன். அந்தச் சுழியை ஒரு இலையாக மாற்றிவிட்டால் அழகாக இருக்குமே என்றேன். "வேண்டாம்க்கா, அது எழுத்தாவே இருக்கட்டும். இலை எல்லார் பாக்கெட்லயும் இருக்கு" என்றார். சின்னப் பிள்ளைகளுக்குப் படிக்க வருமா என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரிடம் காட்டினோம். ஒரு நொடி நின்று, "கறிவேப்பி...லைப் பொடி" என்று படித்துவிட்டார்கள். முன்னும் பின்னும் இருக்கும் எழுத்துகள் கைகொடுத்துவிடுகின்றன. ஆனாலும் கீழே சாதாரணத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர் உண்டு. அதற்குப் பயன்படுத்திய தமிழ் எழுத்துரு, திறந்த உரிமத்தில் கிடைக்கும் முக்த மலர். வணிகத்துக்கும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம். எந்த எழுத்துரு, என்ன உரிமம் என்பதைத் தாளில் எழுதியே கொடுத்தார். யூனிகோடு எழுத்துரு என்பதால், மென்பொருள் அமைப்பு சரியாக இருந்தால் பின்னாளில் வேறு யார் திறந்தாலும் தமிழ் தமிழாகத்தான் தெரியும். பழைய டிடிபி எழுத்துருக்களில் அடித்த கோப்பை வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் என்ன வரும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

கட்டணம் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பதாயிரம் ரூபாய். ஆரம்பத்தில் ஒரு பங்கு, மாதிரி ஒப்புக்கொண்டதும் ஒரு பங்கு, அச்சாகி கையில் வந்ததும் ஒரு பங்கு. திருத்தம் இரண்டு சுற்று. திருத்தத்தை ஒரே ஆள்தான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. இது எனக்கு முதலில் உறுத்தியது, பிறகு பெரிய நிம்மதியாக இருந்தது. முன்பு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு எல்லாரையும் கேட்டபோது சித்தப்பா தங்க நிற பார்டர் கேட்டார், கொழுந்தனார் பெரிய மிளகாய் கேட்டார், யாரையும் மறுக்க முடியவில்லை.

நைக்கி சின்னத்தை 35 டாலருக்குத்தானே வரைந்தார்கள் என்று எங்கள் வியாபாரிகள் சந்திப்பில் ஒருவர் எப்போதும் சொல்வார். 1971-ல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி அந்தத் தொகைக்கு வரைந்தது உண்மை. அந்த நிறுவனமே 1983-ல் அவரைக் கூப்பிட்டுப் பங்குகள் கொடுத்ததும் உண்மை. முதல் பாதியை மட்டும் சொல்லிப் பேரம் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. ஒருவர் நம் அடுப்படி வரை வந்து பார்த்துச் செய்யும் வேலைக்கு உரிய கூலி கொடுக்க வேண்டும்.

காசு கொடுத்தால் டிசைன் நமக்குச் சொந்தம் என்று நானும் நினைத்திருந்தேன். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. நம்மிடம் சம்பளத்துக்கு இல்லாத ஒருவர் லோகோ வரைந்தால், 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி (காப்பிரைட் சட்டம்) முதல் உரிமையாளர் அவர்தான். நமக்கு மாற வேண்டுமானால் எழுத்தில், அவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதிலும் எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருஷம்தான். எந்தெந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். சிங்கப்பூரில் இருக்கும் நாத்தனார் வழியாக அங்கேயும் விற்கும் எண்ணம் எங்களுக்கு உண்டு. அதனால் ‘உலகம் முழுவதும், உரிமை உள்ள காலம் முழுவதும்’ என்று தெளிவாக எழுதி வாங்கினோம். ஒரு பக்கத் தாள்தான். தன் வேலைகளைக் காட்டும் தொகுப்பில் எங்கள் பாக்கெட்டை வைத்துக்கொள்ள அவர் அனுமதி கேட்டார், அதையும் அதிலேயே எழுதினோம்.

ட்ரேட்மார்க் தனி வேலை, அது டிசைனர் செய்வதில்லை. ஆனால் பெயரை முடிவு செய்யுமுன் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கச் சொன்னது அவர்தான். ட்ரேட்மார்க்குக்காகப் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்; பொடி, மசாலா எல்லாம் 30-ஆம் வகுப்பில் வரும். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவானால் பத்து வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். ‘சுவை’, ‘வீட்டுப் பொடி’ மாதிரி பொருளையே சொல்கிற பெயர்களுக்கு ஆட்சேபம் வரும்.

கோப்புகளை ஒரு பென்டிரைவில் கொடுத்தார். எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோடு வடிவக் கோப்பு, நம் ஊர் அச்சகங்கள் கேட்கும் கோரல்டிரா கோப்பு, பிடிஎஃப், வாட்ஸ்அப்புக்கு ஒரு படம், ஒரே நிறத்தில் ஒன்று, கறுப்புப் பின்னணிக்கு ஒன்று. ஃப்ளெக்ஸ் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்புங்கள் என்று மூன்று முறை சொன்னார். படமாக அனுப்பினால் சுருங்கிப் போய், பத்தடி போர்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அப்புறம் சிவகாசி. இதற்காகத்தான் இந்தத் தலைப்பே.

பேச்சில் இல்லாத விஷயம், ஆனாலும் முதல் அச்சு ஓடும் நாளில் தானும் வருவதாகச் சொன்னார். அதற்கு ஒரு வாரம் முன்னால், மேலே ஒட்டும் லேமினேஷன் படலம் இல்லாதது, மினுமினுப்பில்லாத மேட், பளபளப்பான கிளாஸ் என்று மூன்று ஸ்டிக்கர் மாதிரி கொடுத்து, இட்லிப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து மூன்றிலும் தடவி ராத்திரி முழுக்க வைக்கச் சொல்லியிருந்தார். காலையில் லேமினேஷன் இல்லாததில் எண்ணெய் ஊறிப் பின்பக்கம் வரை வந்திருந்தது. கிளாஸ் ஸ்டிக்கர் நன்றாகத் துடைக்க வந்தது, ஆனால் கடை டியூப் லைட்டில் பளபளத்துப் பெயரை மறைத்தது. மேட் எடுத்தோம்.

அச்சகத்தில் முதல் தாள் வந்ததும் எனக்கு நெஞ்சு சுருங்கிவிட்டது. லேப்டாப்பில் பார்த்த சிவப்பு இல்லை. செங்கல் மாதிரி மங்கி இருந்தது. திரை வெளிச்சத்தால் நிறம் காட்டும், தாள் மையால் காட்டும், திரையில் பார்த்த அதே சிவப்பு மையில் வராது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். கண்ணால் பார்க்கும்வரை எனக்கு ஏறவில்லை. அங்கே மெஷின் ஓட்டும் அண்ணாச்சிக்கு அறுபது வயதிருக்கும். மடக்கு லென்ஸை எடுத்துத் தாளின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவரும் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். சிவப்பு என்று நான் நினைத்தது மஞ்சளும் மெஜந்தாவுமாகப் புள்ளிகள். நடுநடுவே சயான் என்கிற நீல மைப் புள்ளி.

"சயானைக் கொஞ்சம் எடுத்துடலாமா அண்ணாச்சி?"

"எடுத்துட்டாத்தான் சரியா வரும். ஃபைல்ல ரொம்ப வச்சிட்ட தாயி."

"ஆமா, என் தப்புதான்" என்று சொல்லி, அங்கேயே லேப்டாப்பைத் திறந்து மாற்றினார். புதுப் பிளேட் எடுக்க முக்கால் மணி நேரம். இரண்டாவது தாளில் சம்பா மிளகாயின் சிவப்பு வந்தது. நான் அந்தத் தாளை வீட்டில் வைத்திருக்கிறேன்.

சத்து விவரப் பட்டியலின் சின்ன எழுத்துகளை அவர் முதலிலேயே கறுப்பு மை ஒன்றில் மட்டும் வைத்திருந்தார். நாலு நிறமும் கலந்து கறுப்பாக்கினால், மெஷினில் ஒரு மயிரிழை விலகினாலே எழுத்தின் ஓரத்தில் நிழல் விழும், படிக்க முடியாது. அண்ணாச்சி அதைக் கவனித்து, "இது தெரிஞ்ச பிள்ளை" என்று என்னிடம் சொன்னார். எந்தத் தொகுப்பைப் பார்த்தும் எனக்குக் கிடைக்காத சான்றிதழ் அது.

மெஷின் ஓடும் நேரத்தில் அண்ணாச்சி ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாகத் தீப்பெட்டி லேபிள்கள். 1920-களில் சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்தது, அதற்கு லேபிள் அடிக்கத்தான் அச்சுத் தொழிலும் இங்கே வேர்விட்டது. இரண்டு விரல் அகலத்தில் மான், சேவல், கடிகாரம், சாவி. இரண்டு மூன்று நிறம்தான். படிக்கத் தெரியாதவர்கள் படத்தைச் சொல்லி வாங்குவார்கள் என்றார் அண்ணாச்சி. எங்கள் டிசைனர் அந்த நோட்டை விட்டு நகரவே இல்லை.

விற்பனை கூடியதா என்று எல்லாரும் கேட்கிறார்கள். கூடியது. ஆனால் அதே சமயத்தில் இரண்டு புது ஊர்களுக்கு சரக்குப் போட ஆரம்பித்தோம், அதனால் டிசைனால்தான் என்று சொல்ல மாட்டேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்று. சாத்தூர்க் கடை ஒன்றில் வீட்டுக்காரர் சரக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி வந்து, "அந்தச் சுழிச்ச எழுத்துப் பொடி தாங்க" என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் எங்கள் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தாராம்.

இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள், தெருவுக்குள் மட்டும் விற்கிறீர்கள் என்றால் அவசரப்படாதீர்கள். வெறும் பெயர் போட்ட ஸ்டிக்கர் போதும், சட்டத்துக்கு வேண்டிய விவரங்கள் மட்டும் சரியாக இருக்கட்டும். பக்குவமும் பாக்கெட் அளவும் நிலைக்கட்டும். நாங்கள் முதல் வருஷத்தில் மூன்று முறை எடையை மாற்றினோம். அப்போது இந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருந்தால் அவர் உழைப்பும் எங்கள் காசும் வீண்.

அவர் நம்பரைக் கேட்பவர்களுக்கு, அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தருகிறேன். அவர் மாதத்துக்கு இரண்டு வேலைக்கு மேல் எடுப்பதில்லை. அதனால்தான் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் வழியைச் சொன்னேன். மதுரையில் இருப்பது போலத் திருச்சியிலும் நாகர்கோவிலிலும் யாராவது இருப்பார்கள்.

இப்போது ஸ்டிக்கரை விட்டு, பவுச்சிலேயே நேரடியாக அச்சடிக்கும் யோசனையில் இருக்கிறோம். அந்த முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும், நாலு பொடிக்கும் கணக்குப் போட்டால் முதல் செலவு கனம்தான். ஐந்து நிறத்தில் இருந்ததை அவர் நாலாகக் குறைத்திருக்கிறார். மிளகாய்ச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, சைவப் புள்ளிக்கு மட்டும் பச்சை. தீப்பெட்டி லேபிள் நோட்டைப் பார்த்த நாளிலிருந்தே அந்த எண்ணம் இருந்தது என்கிறார். நாலு பொடிக்கும் முகப்பு ஒன்றாகவே இருக்கும், அத்தையின் கையெழுத்து மட்டும் மாறும். வருகிற செவ்வாய்க்கிழமை ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, பார்க்கப் போகிறோம். இந்தத் தடவை அத்தையும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணாச்சிக்குக் கொடுக்க ஒரு டப்பா நிலக்கடலைப் பொடி எடுத்து வைத்து, மேலே அவரே பெயர் எழுதி ஒட்டிவிட்டார்.